கொலைகாரனைத் தேடும் நூல்கள்

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியிலிருந்து நவம்பர் 9-ஆம் தேதிக்குள் லண்டனின் கிழக்குப் பகுதியில் ஐந்து பெண்கள் கொலையுண்டார்கள். கொன்றவன் அகப்படவில்லை. ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயர்கூட அவன் சூட்டிக்கொண்டதுதான் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த மொட்டைக் கடிதத்தின் அடியில் முதன்முதலாக அந்தப் பெயர் காணப்பட்டது. கடிதம் ஒரு பத்திரிகைக்காரரின் கைவேலை என்று போலீஸ் உயர் அதிகாரிகளே பிற்பாடு எழுதிவைத்திருக்கிறார்கள். நம் ஜாதிக்காரர்தான்!

பெயரிலேயே கற்பனை புகுந்த பிறகு வரலாற்றில் புகாமல் இருக்குமா? இந்தக் கொலைகளைப் பற்றி வந்துள்ள நூல்களில் பெரும்பாலானவை ஒரே ரகம். முதலில் குற்றவாளியை நிச்சயித்துக்கொள்வது, பிறகு சாட்சி தேடப் புறப்படுவது. ஸ்டீபன் நைட் 1976-இல் எழுதிய நூல், விக்டோரியா மகாராணியின் வைத்தியர் சர் வில்லியம் கல் என்பவரைக் கூண்டில் ஏற்றிற்று. கொலைகள் நடந்தபோது அவருக்கு வயது 71. முந்திய ஆண்டுதான் பக்கவாதத்தில் விழுந்து எழுந்தவர். 2002-இல் நாவலாசிரியை பட்ரீஷியா கார்ன்வெல் ஓவியர் வால்டர் சிக்கர்ட்டைப் பிடித்தார். சிக்கர்ட்டோ அந்தக் கொலைகளில் சில நடந்த நாட்களில் பிரான்ஸில் தங்கியிருந்தார் என்று குடும்பக் கடிதங்கள் காட்டுகின்றன. துப்பறியும் நாவலில் கடைசி அத்தியாயத்துக்குள் கொலையாளி பிடிபட்டாக வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் சும்மா விடமாட்டார். அந்தப் பழக்கத்தை வரலாற்றுக்குள்ளும் கொண்டுவந்து விட்டார் அம்மையார்.

பிலிப் சக்டன் 1994-இல் வெளியிட்ட நூல் வேறு தினுசு. பழைய போலீஸ் கட்டுகளைப் பொறுமையாகப் பிரித்துப் படித்து, முன்னவர்கள் சொன்ன ஒவ்வொன்றையும் உரைத்துப் பார்க்கிறார். 1894-இல் மெல்வில் மக்னாட்டன் என்ற அதிகாரி சந்தேகத்துக்குரியவர்களாக மூவரைக் குறித்துவைத்தார். வேதம்போல் மேற்கோள் காட்டப்பட்டு வந்த குறிப்பு அது. கொலைகள் நடந்தபோது மக்னாட்டன் போலீஸ் இலாகாவிலேயே இல்லை. முதலாமவரான ட்ரூயிட்டை டாக்டர் என்றும் சுமார் 41 வயதுக்காரர் என்றும் சொல்கிறார். ட்ரூயிட் வக்கீல், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், சாகும்போது வயது 31. மூன்றாமவரான ஆஸ்ட்ராக் அந்த மாதங்களில் பிரெஞ்சுச் சிறையில் இருந்தார் என்பது பின்னால் வெளிப்பட்டது. இத்தனையும் அலசிய சக்டன், இன்னார்தான் கொலைகாரர் என்று அடித்துச் சொல்லாமலே புத்தகத்தை முடிக்கிறார். அப்படி முடிக்க நெஞ்சழுத்தம் வேண்டும்.

ஆனால் நான் மறுபடியும் எடுத்துப் படித்தது ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-இல் எழுதிய ‘தி ஃபைவ்’ என்ற நூலைத்தான். கொலைகாரனை அவர் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார். ஐந்து பெண்களும் எங்கே பிறந்தார்கள், யாரை மணந்தார்கள், எப்படித் தெருவுக்கு வந்தார்கள் என்பதே விஷயம். மேரி ஆன் நிக்கல்ஸ் ஓர் அச்சுத் தொழிலாளியின் மனைவி. ஆனி சாப்மன் ஒரு கோச்சு வண்டிக்காரரின் மனைவி. எலிசபெத் ஸ்ட்ரைட் ஸ்வீடன் தேசத்துக் குடியானவர் மகள். குடியும் குடும்பப் பிரிவும் வறுமையும் சேர்ந்து அவர்களை, ஒரு ராத்திரிப் படுக்கைக்கு நாலு பென்னி தேடவேண்டிய நிலைக்குக் கொண்டுவந்தன.

காதரின் எடோஸின் உடலோடு கிடைத்த சாமான்களைப் போலீசார் பட்டியல் எடுத்தார்கள். கந்தல் துணிகள், சோப்புத் துண்டுகள், ஒரு சீப்பு, தேயிலைக்கு ஒரு தகர டப்பா, சர்க்கரைக்கு ஒன்று, ஊசி செருகிய சிவப்புத் துணி, உடைந்த மூக்குக் கண்ணாடி, ஒற்றைக் கையுறை, கடுகு டப்பாவில் இரண்டு அடகுச் சீட்டுகள். வீடு இல்லாதவள் தன் வீட்டையே பைகளில் சுமந்து திரிந்திருக்கிறாள். சீட்டுகளில் ஒன்று அவளோடு வாழ்ந்தவனின் பூட்ஸுக்கு. இருபது வருஷமாகக் கதை எழுதுகிற எனக்கு இந்தப் பட்டியலைக் கற்பனையில் போட வந்திருக்காது.

ரூபன்ஹோல்டும் குறையற்றவர் அல்லர். ஐவரில் மூவர் விலைமாதர் என்பதற்கு ஆதாரமில்லை என்று வாதிக்கிறார். அதை நிதானமாகக் கேட்கலாம். அதோடு நில்லாமல், அவர்கள் தெருவில் தூங்கும்போது கொல்லப்பட்டார்கள் என்கிறார். எடோஸ் இறப்பதற்குச் சில நிமிஷங்களுக்கு முன், அவளைப் போல் உடுத்திய ஒரு பெண் கொலை நடந்த சதுக்கத்துக்கு அருகே ஓர் ஆணுடன் நின்றதை லாவண்டே என்பவர் கண்டு சாட்சி சொல்லியிருக்கிறாரே! அந்தப் பெண்களுக்காக வழக்காடும் ஆத்திரம் நியாயமானது. ஆனால் ஆத்திரமும் ஒரு முன்முடிவுதான். அதுவும் சாட்சிகளைத் தனக்கு வேண்டியபடி பொறுக்கும்.

ஐந்தாவது பெண்ணிடம் வந்ததும் அவருக்கே கையில் காகிதம் இல்லாமல் போகிறது. மேரி ஜேன் கெல்லி, தான் அயர்லாந்தில் பிறந்ததாகவும், வேல்ஸில் வளர்ந்ததாகவும், கணவன் சுரங்க விபத்தில் மாண்டதாகவும் கூட வாழ்ந்தவனிடம் சொல்லியிருக்கிறாள். மரண விசாரணையில் அவன் அதை ஒப்பித்தான். எத்தனையோ பேர் ஏடுகளைப் புரட்டியும் அதற்குப் பொருந்தும் பதிவு ஒன்றுகூட உறுதிப்படவில்லை. அந்தப் பெயர்தான் அவள் பெற்றோர் வைத்த பெயரா என்பதும் தெரியவில்லை.