மணிக் கணக்கு மட்டும் போதுமா?

திருமங்கலத்துக்கு அருகிலேயே மதுரை விமான நிலையம் இருக்கிறது. ஆனாலும், பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்த நம் ஊர்ப் பிள்ளைக்கு விமானி இருக்கை எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. வணிக விமானி உரிமம் பெற 18 வயது, முதல் வகுப்பு மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், 200 மணி நேரப் பறத்தல் ஆகியவை வேண்டும் என்கிறது இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டி.ஜி.சி.ஏ.). அந்த 200-இல் 100 மணி நேரம் தாமே பொறுப்பேற்று ஓட்டியிருக்க வேண்டும். பிறகு ஏர்பஸ், போயிங் என ஏதேனும் ஒரு ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங் பயிற்சியை முடித்தால் துணை விமானி ஆகலாம். கேப்டனுக்குரிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம்.

இந்தப் படிமுறையில் நியாயம் இருக்கிறது. அனுபவம் மிக்க கேப்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்து இளைஞர் தொழில் கற்கிறார். 200 மணி மிகக் குறைவு என்பவர்கள் அமெரிக்காவைக் காட்டுகிறார்கள். அங்கே 2009-இல் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். அதன் விளைவாக 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி கட்டாயமானது. ஆனால், அந்த விமானத்தை ஓட்டிய இருவருமே 2,000 மணிக்கு மேல் பறந்தவர்கள். விமானம் வேகம் இழந்து எச்சரித்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் உயர்த்தினார்.

2010-இல் 158 உயிர்களைப் பறித்த மங்களூரு விமான விபத்திலும் கேப்டன் 10,000 மணிக்கு மேல் பறந்தவர். தரையிறங்குவதைக் கைவிட்டு மேலெழும்பும்படி துணை விமானி மூன்று முறை கூறியும் அவர் ஏற்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. இளையவர் தயங்காமல் சொல்வதும் மூத்தவர் காது கொடுப்பதும் தனிப் பயிற்சியால் வர வேண்டியவை. அவற்றைப் பறந்த நேரத்தைக் குறிக்கும் லாக் புக்கின் கூட்டுத்தொகை காட்டாது.

கூட்டுத்தொகையே அளவுகோல் என்றானால், மலிவாக மணி விற்கும் விமானப் பயிற்சிப் பள்ளிக்கே கூட்டம் சேரும். பயிற்சிச் செலவோ அரை கோடியைத் தாண்டுகிறது. நிலத்தை அடமானம் வைத்துப் படிக்கும் மாணவருக்கு, நன்றாகக் கற்பதைவிடச் சீக்கிரம் முடிப்பதே அவசரமாகிவிடுகிறது. 2011-இல் போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானார்கள். காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாற்று வழியும் இருக்கிறது. 2006-இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த பல்பணியாளர் விமானி உரிமம், சிமுலேட்டரையும் சேர்த்து 240 மணி நேரத்தில், இருவர் இணைந்து இயங்கும் திறனைச் சோதிக்கிறது. தனியாகப் பறக்கும் நேரம் அதில் குறைவு என்பது உண்மையான குறைதான். ஆனால் திறனைச் சோதிக்கும் அதன் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். குறுக்குக்காற்றில் இறங்குதல், இரவுப் பறத்தல், எஞ்சின் பழுதைச் சமாளித்தல், இறங்காமல் மேலெழும்புதல் என ஒவ்வொன்றிலும் மாணவர் தேறினாரா என்று வெளித் தேர்வாளர் பதிவு செய்ய வேண்டும். பள்ளிவாரியாக அந்த முடிவுகளை வெளியிட வேண்டும். திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு அரசு கடன் உத்தரவாதம் தர வேண்டும். இவற்றைச் செய்யாமல் 200-ஐ 1,500 ஆக்கினால் குடும்பத்தின் கடன் உயர்வது நிச்சயம். பயணியின் பாதுகாப்பு உயரும் என்பதற்கு உறுதியில்லை.