பூ கட்டும் கை

மதுரையில் மல்லிகைச் சரம் கட்டுகிறவரின் முகத்தைப் பார்த்தால் அவர் வேலை செய்வதாகவே தெரியாது. பேசுவார், பேரம் பேசுவார், போகிற பஸ்ஸைப் பார்ப்பார். வேலை முழுக்க விரலில். நனைத்த வாழைநார், இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, எதிர்ப்பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு சுண்டு. முடிச்சு இறுகினால் காம்பு அறுந்துவிடும், தளர்ந்தால் பூ கொட்டிவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்த இழுப்பைச் சொல்லித்தர முடியாது. கை தானாகப் பழக வேண்டும்.

நேரமும் சேர்ந்துதான் இந்த வேலை. விடியுமுன் பறித்த மொட்டு மாலையில் விரிந்துவிடும், அதற்குள் கட்டி முடிக்க வேண்டும். மார்கழிப் பனியில் வரத்துக் குறைந்து விலை ஏறும்போது சரத்தில் பூக்களுக்கிடையே இடைவெளி கூடும். அதையும் குறை சொல்ல மாட்டேன், அவர்களும் பிழைக்க வேண்டுமே. விற்பது முழக்கணக்கில், நீளக் கைக்காரரிடம் வாங்குகிறவர் பாக்கியசாலி.

இதே பூவைத் திண்ணையில் உட்கார்ந்து கட்டினால் பொழுதுபோக்கு, கோயிலுக்குக் கட்டினால் கைங்கரியம், கடைக்குக் கட்டினால் கூலி. விரல் செய்வது மூன்றிலும் ஒன்றே. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மணத்துக்கும் மண்ணுக்கும் பெருமைதான். கட்டும் கைக்குக் கூலி இன்னும் சொற்பம். அடுத்தமுறை ஒரு முழம் வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.