பேயின் வழக்கு: திகிற்படங்களும் கிறித்துவ நோக்கும்

பேய்ப்படம் பார்க்கலாமா என்னும் வினா கிறித்துவத் தமிழ் இல்லங்களில் இன்றும் எழுகின்றது. தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய நாட்களில் எழுந்த அதே வினா, இப்போது பினாங்கின் கெலுகோர் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகளின் கைப்பேசியை முன்னிட்டு எழுகின்றது. பெரியவர்கள் தரும் விடை ஒன்றே: இருளின் செயல்களோடு கிறித்துவனுக்கு விளையாட்டு ஆகாது. இவ்விடையில் பிழை காண்பதற்கில்லை. ஆயினும் எந்தப் படத்தையும் பாராமலே எல்லாப் படத்துக்கும் பொருந்தச் சொல்லக்கூடிய விடை இது. படத்தில் பேய் வருகிறதா என்று பார்க்கிறதே தவிர, அந்தப் பேய் எதற்காக வருகிறது என்று இது கேட்பதில்லை. கேட்டிருந்தால், தமிழ்ப் பேய்ப்படம் கிறித்துவ உள்ளத்துக்கு வைக்கும் சோதனை அச்சத்தில் இல்லை, பழிவாங்கலில் இருக்கிறது என்பது விளங்கியிருக்கும்.

மேலைநாட்டுத் திகிற்படத்தை முதலில் நோக்குவோம். வில்லியம் பீட்டர் பிளாட்டி என்னும் கத்தோலிக்க எழுத்தாளரின் நாவலைக்கொண்டு வில்லியம் பிரீட்கின் 1973-இல் எடுத்த ‘தி எக்சார்சிஸ்ட்’ அவ்வகைக்குத் தலையாயது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பிசாசு பற்றிக்கொள்கிறது. அவள் அதற்கு யாதொரு தீங்கும் செய்தவள் அல்லள். அஃது இறந்த மனிதரின் ஆவியும் அன்று; மனித குலத்தின் பழம்பகை. அதன்பால் இரங்குவதற்கோ, அதனோடு வழக்காடுவதற்கோ இடமில்லை. துரத்தவேண்டும், அவ்வளவே.

தமிழ்ப் பேய் அப்படிப்பட்டது அன்று. அதற்கு ஒரு வழக்கு உண்டு. உயிரோடு இருந்தபோது எந்த மன்றத்திலும் ஏறாத வழக்கு அது. 2011-இல் வந்த ‘காஞ்சனா’வில் நிலத்தின் பொருட்டுக் கொலையுண்ட திருநங்கையே பேயாக வருகிறாள், படம் பார்ப்போர் முற்பாதியில் அவளைக் கண்டு அலறிப் பிற்பாதியில் அவள் பக்கம் சேர்ந்துகொள்கின்றனர். 2005-இன் ‘சந்திரமுகி’யோ இன்னும் வியப்பானது. அங்கே பேயே இல்லை, நோய்தான் என்கிறார் மனநல மருத்துவர். அப்படிச் சொன்ன பின்னும், வேட்டையனைப்போல் ஒரு பொம்மையை எரித்துக்காட்டி அந்த நாட்டியக்காரியின் பழியைத் தீர்த்தால்தான் நோய் தீர்கிறது. மருத்துவமும் தீர்ப்பு வழங்கியே விடைபெற வேண்டியிருக்கிறது.

மலாய் மக்களின் பொந்தியானாக் இதற்கு அயலானவள் அல்லள். பிள்ளைப்பேற்றில் மாண்ட பெண் என்பது அவளைப்பற்றிய நாட்டுப்புற நம்பிக்கை. பிடரியில் ஆணி அறைந்தால் அவள் மீண்டும் பெண்ணாகி இல்லறம் நடத்துவாள். இக்கதையைச் சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் நிறுவனத்துக்காக 1957-இல் படமாக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ், நடித்தவர் மரியா மெனாடோ. நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில் மலாயா மக்கள் திரளாகச் சென்று கண்ட படம் அது. அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் தொடர்ச்சிப் படங்கள் வந்தன. பிடரியில் ஆணி இருக்கும்வரை நல்ல மனைவி, எடுத்தால் பேய் என்னும் அக்கற்பனை பெண்ணைப்பற்றிச் சொல்வது என்ன என்பது தனியே ஆராயத்தக்கது.

இவ்வழக்கின் மூலம் நமக்குப் பழையனூரில் இருக்கிறது. கணவனால் கொலையுண்டவள் நீலி. அவன் மறுபிறவியில் வணிகனாக வந்தபோது, கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவனே தன் கணவன் என்று ஊரார் முன் அழுதாள். அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் எம் உயிரைத் தருவோம் என்று பிணைநின்ற வேளாளர் எழுபதின்மர். இரவில் அவள் அவனைக் கொன்றாள். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்தனர். எழுபதின்மரின் வாய்மையைப் புகழ்ந்த தமிழகம், நீலியின் அழுகையிலிருந்து ‘நீலிக்கண்ணீர்’ என்னும் தொடரை ஆக்கிக்கொண்டது. வஞ்சக அழுகைக்கு அதுவே பெயராயிற்று. கொலையுண்ட பெண்ணின் கண்ணீர் எப்படிப் பொய்க்கண்ணீர் ஆயிற்று என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டால் தமிழாசிரியர் சற்றுத் திகைக்கத்தான் வேண்டும். நீலி கேட்டது நீதி. அவள் கொண்டது பழி. பலியானவர்களுள் எழுபதின்மர் குற்றமற்றோர். பழி எப்போதும் தன் கணக்குக்கு மிஞ்சியே வாங்குகிறது. தமிழ்ப் பேய்ப்படம் இந்த எழுபதின்மரை மறைத்துவிட்டு நீலியின் வெற்றியை மட்டும் காட்டுகிறது என்பதே அதன்மீது சொல்லத்தக்க முதற்குறை.

அவளுக்கு வேறொரு வழியையும் தமிழ் நினைத்துப் பார்த்திருக்கிறது. சமணர் இயற்றிய ‘நீலகேசி’யில் இந்த நீலியே முனிச்சந்திரர் என்னும் துறவியை அச்சுறுத்த வருகிறாள். அவர் அஞ்சவில்லை. அவள் கொல்லாமை அறத்தைக் கேட்டு மனந்திரும்பி, பின்னர் சமயவாதம் புரியும் அறிஞையாகிறாள். பேயை ஓட்டாமல் திருத்திய காப்பியம் அது. அதனை இயற்றியவர் கிறித்துவர் அல்லர் என்பதால் கிறித்துவர் அதனைக் கற்காதிருக்கவேண்டியதில்லை.

இனி வேதாகமத்தின் நிலையைக் காண்போம். இறந்தவர் பேயாய் அலைவர் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. செல்வனும் இலாசருவும் பற்றிய உவமையில், தன் உடன்பிறந்தாரை எச்சரிக்க இறந்த இலாசருவை அனுப்பவேண்டும் என்று செல்வன் மன்றாடுகிறான், மறுக்கப்படுகிறான். சவுல் அரசன் எந்தோரில் குறிசொல்பவளை நாடி சாமுவேலை எழுப்பக் கேட்டது அவன் வீழ்ச்சியின் கடைசிப் படி. அகாலத்திலும் கொடுமையிலும் இறந்தோரே பேயாவர் என்ற நெல்லைச் சீமையின் நம்பிக்கையைக் கால்டுவெல் 1849-இல் எழுதிய சிறுநூலில் குறித்துவைத்தார். அந்நூல் அம்மக்களைப்பற்றிச் சொன்ன வேறு செய்திகளுக்காக அவர்களாலேயே கடுமையாக மறுக்கப்பட்டது. அது வேறு கதை. பேய் நம்பிக்கையை அவர் அறியாமை என்றே கண்டார். அதனுள் நீதிக்கான வேட்கை ஒன்று இருப்பதை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

மொழிபெயர்ப்பில்தான் இச்சிக்கல் தெளிவாக வெளிப்படுகிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் இயேசுவைப் பாலைநிலத்தில் சோதிப்பது ‘பிசாசு’. 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொதுமொழிபெயர்ப்பு அவ்விடத்தில் வள்ளுவர் ஆண்ட ‘அலகை’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. இயேசு இரவில் கடல்மேல் நடந்து வந்தபோது சீடர் கண்டு அலறிய இடத்திலோ, பழைய மொழிபெயர்ப்பு ‘ஆவேசம்’ என்கிறது. புதியது ‘பேய்’ என்கிறது. சாத்தானுக்கு ஒரு சொல், இறந்தோரின் உருவுக்கு வேறொரு சொல் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கவனமாகப் பிரித்திருக்கின்றனர். பேச்சுத்தமிழ் இதைப் பிரிக்கவில்லை. பேய் பிசாசு என்று ஒருமூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆகையால் வழக்குள்ள ஓர் ஆவியும் வழக்கில்லாத தீமையும் நம் பிள்ளைகளின் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

கடற்காட்சியைச் சற்று நின்று நோக்கவேண்டும். திகிற்படத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே உண்டு: இரவு, எதிர்காற்று, நடுக்கடல், நீர்மேல் நெருங்கிவரும் உருவம். அச்சம் மெய்யானதே, ஆனால் ஆளைத் தவறாக அறிந்தமையால் வந்தது. அவர்கள் கண்டு அலறியது தங்களைக் காக்க வந்தவரை.

மிஷ்கின் இயக்கி 2014-இல் வந்த ‘பிசாசு’ இந்தக் காட்சியின் வடிவிலேயே அமைந்திருக்கிறது. இயக்குநர் அதை எண்ணினாரோ இல்லையோ நாம் அறியோம். வயலின் இசைக்கும் இளைஞன் ஒருவன், சாலையில் வண்டி மோதிக் கிடந்த பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறான். அவள் அவன் கையைப் பற்றியபடியே இறக்கிறாள். அவள் ஆவி அவன் வீட்டுக்கு வந்துவிடுகிறது. அவன் அஞ்சி அதை ஓட்ட ஆட்களைத் தேடுகிறான். அதுவோ அவன் மது அருந்துவதைத் தடுக்கிறது. தாய் தவறி விழுந்தபோது காப்பாற்றுகிறது. அதன் அன்பை உணர்ந்த பிறகு, அவளை மோதிக் கொன்றவன் யார் என்று அவனே தேடத் தொடங்குகிறான். தேடியவனே கொன்றவன் என்பதில் முடிகிறது தேடல். அவளோ அதை முன்பே அறிந்தும் அவனைக் காத்துநின்றவள். மகளின் உடலைப் பனிக்கட்டித் தொழிற்சாலையில் வைத்துக் காக்கும் தந்தையாக ராதாரவி நடித்திருப்பது தமிழ்த்திரையில் எளிதில் மறவாத துயரம்.

வேதாகமத் தமிழில் சாத்தானுக்கு உரிய சொல்லை, மன்னிக்கும் பெண்ணொருத்திக்குப் பெயராக வைத்த படம் இது. கடுமையாக நோக்கும் கிறித்துவர் இதனைப் பழிப்புரை எனலாம். ஆனால் நீலிக்கு வழக்கு இருந்தது போலவே இவளுக்கும் வழக்கு இருந்தது. இவள் அதைத் தள்ளுபடி செய்துவிட்டாள். பழிவாங்கும் உரிமை இறைவனுடையது என்று பவுல் உரோமருக்கு எழுதியதை, சபைப் பிரசங்கங்கள் பல சொன்னதைவிட அழுத்தமாக இந்தப் பேய்ப்படம் சொல்கிறது.

ஆயினும் ஒரு குறை உண்டு. அந்த இளைஞனின் குற்றம் விபத்து. மிஷ்கினின் முந்தைய படமான ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பேயில்லாத் திகிற்படம், பாடலும் இல்லாதது. (பாடலின்றித் தமிழில் மர்மப்படம் எடுக்கலாம் என்று எஸ். பாலசந்தர் 1954-இலேயே ‘அந்த நாள்’ மூலம் காட்டிவிட்டார்.) குண்டடிபட்டுச் சாலையில் கிடப்பவனை ஒரு மருத்துவ மாணவன் தன் இல்லத்துக்குத் தூக்கிச் சென்று உயிர்பிழைக்க வைக்கும் தொடக்கம் நல்ல சமாரியனை நினைவூட்டும். பிழைத்தவன் கூலிக் கொலைகாரன். தான் கொன்றுவிட்ட ஓர் இளைஞனின் பார்வையற்ற குடும்பத்தைக் காக்கத் தன்னையே ஈடாக வைக்கிறான். கல்லறைத் தோட்டத்தில் அவன் குழந்தைக்குச் சொல்லும் ஓநாய்க் கதைதான் அவனுடைய பாவ அறிக்கை. அங்கும் அந்தக் கொலை ஆள்மாறிச் செய்ததே. இரண்டு படங்களிலும் மன்னிப்புக்கு உரியதாகக் காட்டப்படுவது கைப்பிழை. வேண்டுமென்றே கொன்றவனை என்ன செய்வது என்னும் இடத்துக்கு இயக்குநர் வரவில்லை. ஆனால் நற்செய்தி கடினமாவது அந்த இடத்தில்தான்.

சிலுவையைத் தாயத்தாக்கும் படங்களைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பாதிரியார் சிலுவையை நீட்டுவார், பேய் அலறும், சுவர் நடுங்கும். திருத்தூதர் பணிகள் நூலிலே ஸ்கேவாவின் மக்கள் எழுவர் இயேசுவின் பெயரை இப்படித்தான் மந்திரமாக்கப் பார்த்தனர். பேய்பிடித்தவன் அவர்களை அடித்து ஆடையின்றி ஓடச்செய்தான். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான இசைவு பெறாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு நடத்தவியலாது. 1999-இல் வெளியான புதிய சடங்கு முறையும், நோயைப் பேய் என்று கொள்ளாதிருக்க விழிப்பு வேண்டும் என்கிறது. ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்திலும் இறுதியில் சிறுமியை விடுவிப்பது சிலுவையோ தீர்த்தமோ அன்று. தாயைத் தனிமையில் சாகவிட்ட குற்றவுணர்வில் விசுவாசமே தளர்ந்திருந்த கர்ராஸ் என்னும் குரு, பிசாசைத் தன்னுள் வரச்சொல்லிச் சாளரத்தின் வழியே பாய்ந்துவிடுகிறார். அது தற்பலியா, தற்கொலையா என்று கிறித்துவர் வாதிடலாம், வாதிடவும் வேண்டும்.

கொலைகாரனுக்கு மன்னிப்பு என்னும் இடத்துக்குத் துணிந்து சென்ற படம் ஹிட்ச்காக்கின் ‘ஐ கன்ஃபெஸ்’ (1953). இயேசு சபையார் பள்ளியில் பயின்றவர் அவர். கியூபெக் நகரில் கெல்லர் என்பவன் திருடச் சென்ற இடத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டு, லோகன் என்னும் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறான். கொலைப்பழி அக்குருவின்மீதே விழுகிறது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியிடலாகாது என்னும் கடமையால் அவர் நீதிமன்றத்திலும் வாய்திறவாமல் நிற்கிறார். பேயும் இல்லை, இருட்டறையும் இல்லை. ஒருவர் பேசாதிருப்பதே படம் முழுவதற்கும் போதுமான திகிலைத் தருகிறது. இறுதியில் கெல்லர் காவலரின் குண்டு பட்டு வீழ்கிறான். தூக்குமேடைக்கு அனுப்பப் பார்த்த அதே குருவைத்தான் அப்போது அழைக்கிறான். அவரும் அவனருகில் மண்டியிட்டு மன்னிப்பின் மந்திரத்தைச் சொல்கிறார்.

இவற்றுள் மேல்வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கத்தக்கவை ‘ஐ கன்ஃபெஸ்’, ‘பிசாசு’ இரண்டும். முன்னது கறுப்பு வெள்ளைப் படம் என்று பிள்ளைகள் முதலில் முணுமுணுக்கக்கூடும். ‘பிசாசு’ பார்க்குமுன் மத்தேயு பதினான்காம் அதிகாரத்தின் கடற்பகுதியைப் படித்துக்காட்டுவது நல்லது. ‘தி எக்சார்சிஸ்ட்’ பெரியவர்களுக்கே உரியது. அவர்களுள்ளும் எல்லார்க்கும் அன்று.