இறுதி விருப்பம்: மூன்று பாடல்கள் குறித்து ஓர் ஒப்பீடு

துன்பம் தாளாமல் எவரும் மரணத்தை விரும்ப வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. எனினும், வரவிருக்கும் மரணம் இன்னவாறு அமைய வேண்டும் என்று இறைஞ்சுவது அத்தடைக்குள் அடங்காது. முஸ்லிமாகவே தம்மை மரிக்கச் செய்யுமாறு யூசுஃப் (அலை) வேண்டியதைத் திருக்குர்ஆன் எடுத்துரைக்கிறது. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, தம் இறுதியைப் பாடிய மூவரை இங்கு ஒப்பிட்டு நோக்குவோம்.

முதலாமவர் உமையாக்கள் காலத்துக் கவிஞர் திரிம்மாஹ் இப்னு ஹகீம். காரிஜிய்யாக் கொள்கையினரான அவர், பச்சைத் துணி போர்த்திய சந்தூக்கில் தம் உடல் செல்லலாகாது என்று இறைவனிடம் முறையிடுகிறார். போரிடும் குழுவினரோடு வீழ்ந்து, கழுகின் வயிறே தமக்குக் கப்ராக வேண்டும் என்பது அவரது வேட்கை. சொல்வீச்சு மிக்க பாடல். ஆயினும் அதில் உடன் வீழ்வோர் உண்டு, சுமப்போர் இல்லை. பின்னொரு நாள், பச்சைப் போர்வையுடன் சென்ற சந்தூக்கு ஒன்றைக் கண்டு வினவியோர், அது திரிம்மாஹுடையது என்றறிந்து, அவரது வேண்டுதல் ஏற்கப்படவில்லையே என்று கூறியதாக அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானியின் ‘கிதாபுல் அகானி’ பதிவு செய்கிறது.

இரண்டாமவர் மாலிக் இப்னு ரைப். வழிப்பறி வாழ்வைத் துறந்து, உஸ்மான் (ரலி) அவர்களின் மகனார் சயீதின் படையில் சேர்ந்து குராசான் சென்றவர். தாயகத்திற்கு அப்பால் சாவு நெருங்கியபோது தமக்குத் தாமே இரங்கற்பா பாடினார். தமக்காக அழுவோரைத் தேடுகிறார். வாளும் ஈட்டியும் குதிரையுமே தென்படுகின்றன. ஈட்டி முனையால் குழி தோண்டுமாறும், மேலாடையால் கண்களை மூடுமாறும் இரு தோழர்களை வேண்டுகிறார். எவருக்கும் எளிதில் அடங்காதிருந்த தம்மை, இன்று ஆடையைப் பற்றி இழுத்துச் செல்லலாம் என்கிறார். திரிம்மாஹ் மறுத்த உதவியை மாலிக் வாய்விட்டுக் கேட்கிறார். நம் நெஞ்சில் நிலைப்பது இப்பாடலே.

மூன்றாமவர் தமிழ் மன்னர் கோப்பெருஞ்சோழன். மக்களோடு கொண்ட பகையால் வடக்கிருந்த அவர், நேரில் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் தவறாது வருவார் எனப் பாடி, அவருக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறார். புறநானூற்றின் 215, 216ஆம் பாடல்கள் அவை. பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையாரும் வந்து சேர்ந்தார். உண்ணாதிருந்து உயிர்விடுதல் நம் மார்க்கத்தில் தற்கொலையே. அதில் மாற்றுக் கருத்திற்கு இடமில்லை. ஆனால் செயலை ஏற்காமலே பாடலின் ஏக்கத்தைக் கேட்க இயலும். மன்னர் விழைந்தது தம் அருகில் ஒருவரை.

வகுப்பில் இவற்றை விளக்கியபோது, போடிநாயக்கனூரைச் சேர்ந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அவருடைய பாட்டியார் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களில் பல்லாண்டு உழைத்தவர். “கை கால் ஓடும்போதே, யாருக்கும் பாரமில்லாமல் போய்விட வேண்டும்” என்பதே அவர் அன்றாடம் கேட்கும் துஆவாம். மாலிக்கின் வேண்டுகோளைவிட இது உயர்ந்ததன்றோ என்று அம்மாணவர் வினவினார். அன்று நம்மிடம் தக்க விடை இல்லை.

பிறகு சிந்தித்தோம். ஏலச் செடியின் தூரடியில் குனிந்து காய் பறிப்போர் பெறுவது நாட்கூலி. கை ஓயும் நாளில் கூலியும் ஓயும். அத்தகைய வாழ்வில், உழைக்க இயலாத உடல் பாரம் என்னும் எண்ணம் தானே ஊறிவிடுகிறது. நம் ஃபிக்ஹ் நூல்களோ வேறு கூறுகின்றன. மையித்தைக் குளிப்பாட்டுதல், கபனிடுதல், தொழுவித்தல், அடக்கம் செய்தல் யாவும் ஃபர்ளு கிஃபாயா. எவரும் நிறைவேற்றாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். நோயாளியை நலம் விசாரிப்பதும் ஜனாஸாவைப் பின்தொடர்வதும் ஒரு முஸ்லிமுக்குப் பிற முஸ்லிம்கள் செலுத்த வேண்டிய உரிமைகள் என்பது நபிமொழி. இறப்பவர் பிறர் தோளில் ஏறியே ஆக வேண்டும். சந்தூக்கை வெறுத்த திரிம்மாஹையும் சிலர் சுமந்தனர்.

ஆகவே அம்மாணவருக்கு நாம் பின்னர் கூறிய விடை இது: பாட்டியாரின் துஆவில் பிழையில்லை, அதனை இறைவன் ஏற்பானாக. ஆனால் அவர் படுக்கையில் விழ நேர்ந்தால், அவரைத் தாங்குவது உமக்குப் பாரமன்று, கடமை என்பதை அவர் நலமாயிருக்கும் இப்போதே அவரிடம் சொல்லிவிடும். ஆந்தையார் வருவார் என்ற உறுதி சோழனுக்கு இருந்தது. அவ்வுறுதி அம்மூதாட்டிக்கும் கிட்ட வேண்டும். அல்லாஹ் நன்கறிந்தவன்.