வகுத்தலும் தொகுத்தலும்

இனம் தெரிந்த பொருள்களைக் கொண்டு புதியதொன்றின் இனத்தைத் துணிதல் வகுத்தலாகும். இனம் தெரியாதவற்றை ஒப்புமை நோக்கிக் கூட்டுதல் தொகுத்தலாகும்.

முன்னதற்குச் சிறந்த சான்று, புள்ளிவிபரவியலறிஞர் பிஷர் 1936இல் வெளியிட்ட கட்டுரை. எட்கர் அண்டர்சன் அளித்த, மூன்று ஐரிசு இனங்களின் 150 பூக்களுக்குரிய புல்லியிதழ், அல்லியிதழ் நீள அகலங்களை இணைத்து, இனங்களைப் பிரித்தறியும் சார்பொன்றை அவர் அமைத்தார். இவ்வளவைகளையே தொகுத்தல் முறைகளுக்கும் உரைகல்லாகக் கொள்வோர் பலர். அது பொருந்துமா?

இனப்பெயர்களை நீக்கிவிடின், செற்றோசா தனித்து நிற்கும். வேர்சிக்கலரும் வேர்ஜினிக்காவும் ஓரளவு கலந்தே தோன்றும். கே-சராசரி முறையோ தொகுதிகளின் எண்ணிக்கையை ஆய்வாளரிடமே கேட்கும்; இரண்டென்றால் இரண்டும், மூன்றென்றால் மூன்றும் தரும். அவ்வெண் ஆய்வாளர் இட்டதேயன்றி இயற்கை காட்டியதன்று. ஆதலின், முறையைத் தெரியுமுன் வினாவைத் தெளிதல் வேண்டும். தொகுதி கண்டமை இனம் கண்டமையாகாது.