இல்லமும் நிழற்படமும்

அகம் என்னும் சொல் தமிழில் வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். ஆகவே, பிறர் வீட்டுள் படக்கருவியோடு நுழைபவர் ஒரு பொறுப்பை ஏற்றுக்கொண்டே நுழைகிறார். அவர் எடுத்துவரும் படம் வீட்டார் காட்ட விரும்பியதைக் காட்டுகிறதா, அல்லது வந்தவர் காண விரும்பியதை மட்டும் காட்டுகிறதா என்பதே இத்துறையில் முதலாவதாக ஆராயத்தக்கது.

பல நாட்டு மக்களின் வாழ்வை ஒன்றுசேர்த்துக் காட்டிய முயற்சிகளுள் புகழ்பெற்றது, எட்வர்ட் ஸ்டைக்கன் 1955இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அமைத்த ‘மனிதக் குடும்பம்’ என்னும் கண்காட்சி. 68 நாடுகளைச் சார்ந்த 503 படங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றை எடுத்தோர் 273 பேர். பிறப்பு, காதல், உழைப்பு, இறப்பு ஆகியவை எல்லா மக்களுக்கும் பொது என்பது அதன் கருத்து. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், 1957இல் வெளிவந்த தம் நூலில் இதனை மறுத்தார். எல்லாரும் பிறக்கின்றனர் என்பது மெய்யே. ஆயினும், எத்தகைய நிலையில் பிறக்கின்றனர் என்பதைச் சொல்லாது விட்டால் வரலாறு மறைந்துபோகும் என்பது அவர் வாதம். அவ்வாதத்தோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். அப்படங்களின் கீழ் நாட்டின் பெயரும் எடுத்தவர் பெயரும் இருந்தன. படத்தில் இருப்பவர் பெயர் பெரும்பாலும் இல்லை.

இக்குறையைப் பெரிதும் நீக்கிய நூல் பீட்டர் மென்சல் 1994இல் வெளியிட்ட ‘பொருள் உலகம்’. மாலி, எத்தியோப்பியா, பூட்டான், இந்தியா, ஜப்பான், ஐஸ்லாந்து, அமெரிக்கா முதலிய 30 நாடுகளில் நாட்டுக்கு ஒரு குடும்பம் தேர்ந்தெடுக்கப்பட்டது. வீட்டிலுள்ள பொருள்களை எல்லாம் வாசலில் பரப்பி, அவற்றின் நடுவே குடும்பத்தாரை நிறுத்திப் படமெடுத்தனர். குடும்பத்தாரின் பெயர், தொழில், உழைக்கும் நேரம் ஆகியவற்றோடு, அவர்கள் மிகவும் போற்றும் பொருள் எது என்பதும் கேட்டுப் பதிவு செய்யப்பட்டது. வீட்டாரைப் பேசவிட்டது இந்நூலின் சிறப்பு.

எனினும், வாசலுக்கு வந்த பொருள் தன் இடத்தை இழந்துவிடுகிறது. சாமி மேடையில் எரியும் குத்துவிளக்கு, முற்றத்துக்கு வந்தால் பித்தளைச் சாமான்களுள் ஒன்றாகிவிடும். எத்தனை பொருள் என்று எண்ணலாம். எது எதற்கு அருகில் இருந்தது, எதன்முன் கைகூப்பி நின்றனர் என்பதை அறிய இயலாது.

அந்த 30 நாடுகளுள் மலேசியா இல்லை. ஆனால் இந்நாட்டுத் தோட்டத் தமிழரை நோக்கிப் படக்கருவி திரும்பியது மிக முன்னரே. ஜெர்மானியரான லம்பர்ட் 1867இல் சிங்கப்பூரில் படநிலையம் திறந்தார். கிளைன்குரோத்தே என்பாரின் ‘மலாய்த் தீபகற்பம்’ என்னும் படத்தொகுப்பு 1907இல் வெளிவந்தது. தோட்டம், சுரங்கம், இருப்புப்பாதை என நாட்டின் செல்வத்தைக் காட்டுவதே இத்தகைய தொகுப்புகளின் நோக்கம். அக்கால அஞ்சலட்டைகளிலோ ‘தமிழ்க் கூலிகள்’ என்பதற்குமேல் அடையாளம் எதுவும் இராது. லயங்கள் ஒன்றுபோல் இருப்பதற்குக் காரணம், தோட்ட நிருவாகம் ஒரே அளவில் அவற்றைக் கட்டியமை. வெளியிலிருந்து படம் பார்ப்பவரோ, வீடுகள் ஒன்றுபோல் இருப்பதால் மனிதரும் ஒன்றுபோல் இருப்பர் என எண்ணிவிடுவார்.

அகப்பாடலிலும் பெயர் வருவதில்லை என்று ஒருவர் எதிர்வாதம் கூறலாம். தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் கூறும் நெறியன்றோ? ஆம். ஆனால், உள்ளத்தின் மறைவைக் காக்கும்பொருட்டுப் பெயரைச் சொல்லாமை வேறு. கேட்கத் தேவையில்லை என்று கருதிக் கேளாமல் விடுதல் வேறு.

லயத்து வீட்டின் அகத்தை அறிய வேண்டுபவர் அதன் சுவரைப் பார்க்கவேண்டும். திருமணப் படம், மாலையிட்ட முன்னோர் படம், பட்டம் பெற்ற பிள்ளையின் படம் ஆகியவை அங்கே வரிசையாகத் தொங்கும். அவற்றுட் பல, பட்டணத்துப் படநிலையத்தில் வண்ணம் தீட்டிய திரையின்முன் எடுக்கப்பட்டவை. இரவல் கோட்டு, இரவல் கைக்கடிகாரம், மேசைமேல் காகிதப் பூ. இவை போலியெனச் சிலர் நகைப்பர். பொருள் இரவலாயினும், தம்மை இவ்வாறு காணவேண்டும் என்ற விருப்பம் இரவலன்று. அஞ்சடியில் வரிசையாக நிறுத்தி எடுக்கப்பட்ட படத்தில் உள்ளவை யாவும் உண்மைப் பொருள்களே. ஆனால் அப்படத்தில் நின்றவரின் விருப்பத்துக்கு இடமில்லை. இவ்விரு வகைப் படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலன்றித் தோட்ட வாழ்வின் வரலாறு முழுமை பெறாது.

இதனைக் காலம் கடந்து உணர்வதில் பயனில்லை. 1990களில் பிராங் புசார் முதலிய தோட்டங்களின் நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் டிங்கிலில் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்க்கப்பட்டனர். கிள்ளான், காப்பார், மேரு வட்டாரத்திலும் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. நிறுவனங்களும் நூலகங்களும் காத்துவைத்த பழைய படங்கள் நிலைத்திருக்கும். இடம்பெயர்ந்த குடும்பத்தின் சுவர்ப்படங்களோ மழையிலும் கறையானிலும் அழிகின்றன. இந்நிலை நீடித்தால், நாளைய மாணவன் தன் பாட்டனைக் ‘கூலி’ என்ற அடையாளத்தோடு மட்டுமே காண்பான்.

தமிழ்நாட்டுப் பழைய படநிலையங்களின் படங்களை எண்முறைப் படிகளாக்கிக் காக்கும் பணியைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு மேற்கொண்டது. அத்தகைய பணி மலேசியாவில் வீட்டுச் சுவர்களிலிருந்து தொடங்கவேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒவ்வொரு படத்தின் பின்புறமும் அதில் இருப்பவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். புதிதாகப் படமெடுக்கச் செல்வோர், எங்கே அமர்வது, எதை உடன் வைத்துக்கொள்வது என்பதை வீட்டாரே முடிவு செய்ய விடுதல் வேண்டும். எடுத்த படத்தின் படி ஒன்றை அவர்களிடமே கொடுத்தல் வேண்டும். அந்தப் படி அவர்கள் சுவரில் இடம்பெறுமாயின், எடுத்தவர் தம் பணியைச் செவ்வனே செய்தார் எனலாம்.