சனிக்கிழமை வேகமும் ஞாயிற்றுக்கிழமைப் புள்ளியும்

ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் ஒவ்வொரு வார இறுதியிலும் ஓர் ஓட்டுநருக்கு இரண்டு தரவரிசைகள் கிடைக்கின்றன. வழக்கமாகச் சனிக்கிழமை நடக்கும் தகுதிச்சுற்றில் தனி லேப் ஒன்றை எத்தனை விரைவாக ஓட்டினார் என்பதைக் கொண்டு முதல் வரிசை அமைகிறது. மறுநாள் பந்தயம் முடிந்ததும் இரண்டாவது வரிசை வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டுநரை எடைபோடும் வழக்கம் பந்தய விமர்சனத்தில் வேரூன்றிவிட்டது. சிலர் தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிப் பார்க்கிறார்கள். சிலர் வாழ்நாளில் பெற்ற போல் பொசிஷன்களை, அதாவது தகுதிச்சுற்று முதலிடங்களை, வெற்றிகளோடு ஒப்பிடுகிறார்கள். இன்னும் சிலர், ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களில் தகுதிச்சுற்றில் யார் எத்தனை முறை முந்தினார், பந்தயங்களில் யார் எவ்வளவு புள்ளி சேர்த்தார் என்று கணக்கிடுகிறார்கள். முடிவில் ஒருவர் ‘சனிக்கிழமை வீரர்’ ஆகிறார், மற்றவர் ‘பந்தயக்காரர்’ ஆகிறார். ஒருமுறை குத்தப்பட்ட இந்த முத்திரை ஓட்டுநர் ஓய்வுபெற்ற பிறகும் அழிவதில்லை. ஆகவே அது எந்த அளவுக்கு நியாயமானது என்று பார்ப்பது அவசியம்.

இந்த ஒப்பீட்டுக்கு அடிப்படையான தர்க்கம் வலுவானது. இன்றைய தகுதிச்சுற்றில் கார் குறைந்த எரிபொருளோடும் புதிய டயர்களோடும் ஓடுகிறது. முன்னால் செல்லும் காரை முந்த வேண்டியதில்லை, டயரைப் பல லேப்களுக்குப் பேண வேண்டியதில்லை. ஒரே அணியின் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே கார்தான். எனவே அவர்களிடையே தெரியும் நேர வித்தியாசம் வெறும் வேகத்துக்கு நெருக்கமான அளவுகோல். பந்தயத்தில் அந்த வேகத்தோடு தொடக்கப் பாய்ச்சல், முந்தும் திறன், டயர் பராமரிப்பு, மழையில் நிதானம், வியூகம் எல்லாம் சேர்கின்றன. முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது இந்தத் திறன்கள்தான் என்பது வாதம். இடையில் வேறு எதுவும் நுழையாதவரை அது சரி.

1988இல் மெக்லாரன் அணியில் அயர்டன் சென்னாவும் அலன் புராஸ்ட்டும் சேர்ந்து ஓட்டிய ஆண்டு இந்த முறையின் பலத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. 16 பந்தயங்களில் சென்னா 13 போல் எடுத்தார், புராஸ்ட் இரண்டே எடுத்தார். தகுதிச்சுற்றை மட்டும் பார்த்தவருக்கு இது போட்டியாகவே தோன்றியிருக்காது. ஆனால் வெற்றிகள் சென்னாவுக்கு 8, புராஸ்ட்டுக்கு 7. பாதியில் விலகிய இரண்டு பந்தயங்கள் தவிர மற்ற எல்லாவற்றிலும் புராஸ்ட் முதலிடம் அல்லது இரண்டாமிடம் பெற்றார். மொத்தமாகச் சேர்த்த புள்ளிகள் புராஸ்ட்டுக்கு 105, சென்னாவுக்கு 94. மொனாக்கோ தகுதிச்சுற்றில் சென்னா அவரைவிட 1.427 விநாடி வேகமாக இருந்தார். மறுநாள் பந்தயத்திலும் வசதியாக முன்னணியில் இருந்தவர், போர்ட்டியே வளைவில் தடுப்புச்சுவரில் மோதி வெளியேற, புராஸ்ட் வென்றார். ஒரு லேப் வேகமும் பருவம் முழுக்கப் புள்ளி சேர்க்கும் ஒழுங்கும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அதே ஆண்டு இன்னொரு எச்சரிக்கையையும் தருகிறது. அப்போதைய விதிப்படி சிறந்த 11 முடிவுகள் மட்டுமே சாம்பியன் பட்டத்துக்குக் கணக்கு. அப்படிக் கழித்தபின் சென்னா 90, புராஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்குப் போனது. ‘பந்தய முடிவு’ என்று ஒப்பீட்டில் வைக்கப்படுவது எது? மொத்தப் புள்ளியா, விதி ஏற்ற புள்ளியா, வெற்றி எண்ணிக்கையா? எதைத் தேர்ந்தாலும் விடை மாறுகிறது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே புராஸ்ட் மறுபக்கத்தில் நின்றார். 1984இல் மெக்லாரனில் நிக்கி லௌடாவின் சக ஓட்டுநராக வந்த அவர் தகுதிச்சுற்றுகளில் தொடர்ந்து முந்தினார். லௌடா அந்த ஆண்டு ஒரு போல் கூட எடுக்கவில்லை. வெற்றிகளிலும் புராஸ்ட் 7, லௌடா 5. ஆயினும் பட்டத்தை லௌடா 72க்கு 71.5 என்று அரைப் புள்ளியில் வென்றார். இளையவரின் ஒரு லேப் வேகத்தோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, பந்தயத்துக்கே காரைத் தயார் செய்வதில் அவர் கவனம் செலுத்தினார். கடைசிப் பந்தயமான எஸ்தோரிலில் 11ஆம் இடத்தில் தொடங்கி இரண்டாவதாக முடித்ததே பட்டத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஒப்பீட்டு முறை இங்கே உண்மையான ஒன்றைப் பிடிக்கிறது. ஆனாலும் அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வந்தது? மழையால் பாதியில் நிறுத்தப்பட்ட மொனாக்கோ பந்தயத்தில் வென்ற புராஸ்ட்டுக்கு 9க்குப் பதில் 4.5 புள்ளியே கிடைத்தது. லௌடாவின் பந்தய அறிவு உண்மை. ஆனால் அதை நிரூபிப்பதாகக் காட்டப்படும் பட்டம், மழையும் விதியும் கைகொடுத்துக் கிடைத்தது.

அண்மைக் காலத்தில் அதிகம் பேசப்படும் இணை லூயிஸ் ஹாமில்டனும் ஜென்சன் பட்டனும். 2010 முதல் 2012 வரை மெக்லாரனில் சேர்ந்து ஓட்டிய 58 பந்தயங்களில் தகுதிச்சுற்றுக் கணக்கு ஹாமில்டனுக்கு 44, பட்டனுக்கு 14. மூன்று ஆண்டுகளின் மொத்தப் புள்ளிகளோ பட்டனுக்கு 672, ஹாமில்டனுக்கு 657. ‘ஹாமில்டன் வேகமானவர், பட்டன் புத்திசாலி’ என்ற தீர்ப்பு இந்த எண்களின் மேல்தான் கட்டப்பட்டது.

ஆண்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு ஆட்டம் காண்கிறது. 2010இலும் 2012இலும் ஹாமில்டனே முன்னால் இருந்தார். பட்டனின் மொத்த முன்னிலையும் 2011இல் கிடைத்த 270க்கு 227 என்ற வித்தியாசத்திலிருந்து வந்தது. அந்த ஆண்டு ஹாமில்டன் மீண்டும் மீண்டும் மோதல்களில் சிக்கினார். அது அவருடைய கணக்கில் எழுதப்பட வேண்டியதே. ஆனால் 2012இல் சிங்கப்பூரிலும் அபுதாபியிலும் போலிலிருந்து தொடங்கி முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது கார் பழுதாகி நின்றது. அவற்றில் ஒன்று முடிந்திருந்தால்கூட 15 புள்ளி இடைவெளி தலைகீழாகியிருக்கும். ஸ்பெயின் தகுதிச்சுற்றில் அவர் ஓட்டிய மிக வேகமான லேப், சோதனை மாதிரிக்கு வேண்டிய அளவு எரிபொருள் காரில் மிஞ்சாததால் ரத்தானது. கடைசியிலிருந்து தொடங்கி எட்டாவதாக முடித்தார். கியர்பாக்ஸ் உடைந்ததும் எரிபொருள் குறைவாக ஊற்றப்பட்டதும் எந்த ஓட்டுநரின் பந்தயத் திறனையும் சொல்வதில்லை. கூட்டுத்தொகையோ எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது.

எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இந்தக் கலப்பு கேலிக்கூத்தாகவே மாறும். 2019இல் வில்லியம்ஸ் அணியில் ஜார்ஜ் ரஸல் தம் சக ஓட்டுநர் ராபர்ட் குபிட்சாவை 21 தகுதிச்சுற்றுகளிலும் முந்தினார். ஆண்டின் முடிவில் புள்ளி எடுத்தவர் குபிட்சா மட்டுமே. மழையில் நடந்த ஜெர்மனி பந்தயத்தில், முன்னால் முடித்த இரண்டு ஆல்ஃபா ரோமியோ கார்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டதால் அவர் பத்தாமிடத்துக்கு உயர்ந்து ஒரு புள்ளி பெற்றார். இருபத்தொன்றுக்குப் பூஜ்யம், பூஜ்யத்துக்கு ஒன்று என்ற இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

காரின் இயல்பு இதைவிட ஆழமான சிக்கல். சில கார்கள் டயரை விரைவில் சூடேற்றி ஒரே லேப்பில் பறக்கும், ஆனால் இருபது லேப்களில் அதே டயரைத் தின்றுவிடும். 2013இன் மெர்சிடிஸ் அப்படிப்பட்டது. அந்த ஆண்டின் 19 பந்தயங்களில் 8 போல் எடுத்த அணி மூன்றில்தான் வென்றது. ஸ்பெயினில் நிகோ ரோஸ்பெர்க்கும் ஹாமில்டனும் முதல் இரண்டு இடங்களில் தொடங்கி ஆறாவதாகவும் பன்னிரண்டாவதாகவும் முடித்தார்கள். இருவருமே ஒரே நாளில் பந்தயம் ஓட்ட மறந்துவிட்டார்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அப்படிப்பட்ட காரில் ஒருவர் பல ஆண்டுகள் ஓட்ட நேர்ந்தால், அவரைச் ‘சனிக்கிழமை வீரர்’ என்றுதான் புள்ளிவிவரம் சொல்லும்.

இந்தச் சுமையை இன்று சுமப்பவர் ஷார்ல் லெக்லேர். 2022இல் அவர் 9 போல் எடுத்து 3 வெற்றி பெற்றார். மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 7 போல் எடுத்து 15 வெற்றி பெற்றார். அந்த ஆண்டு லெக்லேர் பார்சிலோனாவிலும் பாக்குவிலும் முன்னணியில் இருந்தபோது எஞ்சின் கைவிட்டது. பால் ரிக்காரில் முன்னணியில் இருந்தபோது தானே பிழைசெய்து மோதினார். பாக்குவில் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு போல் எடுத்தும் ஒரு வெற்றிகூட இல்லை. அட்டவணையில் இது ஒரே குறையாகத் தெரிகிறது. முதல் ஆண்டு அவருடைய ஃபெராரி காருக்குப் பந்தய வேகம் போதவில்லை. அடுத்த ஆண்டு எஞ்சின் வெடித்தது. மூன்றாம் ஆண்டு ரெட் புல் கார்கள் நேர்ப்பாதையில் எளிதாகக் கடந்து சென்றன. நான்காம் ஆண்டு ஆஸ்கார் பியாஸ்ட்ரி துணிந்து உள்ளே புகுந்து முந்தினார், லெக்லேரால் அந்த இடத்தை மீட்க முடியவில்லை. நான்கில் ஓட்டுநரின் பந்தயத் திறனை நேரடியாகச் சோதித்தது கடைசி ஒன்று மட்டுமே.

யார்னோ ட்ரூல்லியின் கதையில் விதிமுறையே தலையிட்டது. நான்கு போல், ஒரே வெற்றி என்பதும், அவர் பின்னால் கார்கள் வரிசைகட்டி நிற்கும் காட்சியும் அவருடைய பெயரோடு சேர்ந்துவிட்டன. பந்தயங்களில் அவருடைய வேகம் தளர்ந்ததுண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நான்கு போல்களும் 2004, 2005, 2009 ஆண்டுகளில் வந்தவை. 2003 முதல் 2009 வரை, முதலில் எல்லோரும், 2006 முதல் இறுதிக் கட்டத்துக்கு வந்தவர்களும், பந்தயத்தைத் தொடங்கும் எரிபொருளோடுதான் தகுதிச்சுற்றை ஓட்டினார்கள். எரிபொருளைக் குறைத்தால் முன்வரிசை கிடைக்கும், ஆனால் எரிபொருள் நிரப்ப மற்றவர்களுக்கு முன்பே பிட்டுக்குள் வர வேண்டியிருக்கும். அந்தக் காலத்தின் தகுதிச்சுற்று நேரம் வேகத்தின் அளவு மட்டுமல்ல, வியூகத்தின் ஒரு பகுதியும்கூட. அதை 2010க்குப் பிந்தைய எண்களோடு ஒரே பட்டியலில் சேர்ப்பது பிழை. சிறப்பு டயர்களும் சில லேப்களுக்கு மட்டும் தாங்கும் எஞ்சின்களும் தகுதிச்சுற்றில் புழங்கிய 1980களோடு சேர்ப்பதும் பிழையே.

முதலில் சொன்ன மூன்று முறைகளில் இடவித்தியாசக் கணக்கே மிக மோசமானது. முதலிடத்தில் தொடங்குபவரால் ஓர் இடம்கூட முன்னேற முடியாது, பின்வரிசையில் தொடங்குபவரோ மற்றவர்கள் வெளியேறினாலே முன்னேறிவிடுவார். 2005 இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் மிஷெலின் டயர்கள் பாதுகாப்பற்றவை என்று தெரிந்ததால் அவற்றைப் பயன்படுத்திய 14 கார்களும் அணிவகுப்பு லேப் முடிந்ததும் பிட்டுக்குள் திரும்பின. ஓடியவை ஆறே கார்கள். டொயோட்டாவுக்கு அதன் முதல் போலை எடுத்துக்கொடுத்த ட்ரூல்லி பந்தயத்தைத் தொடங்கவே இல்லை. 19ஆம் இடத்தில் தகுதிபெற்ற தமிழகத்தின் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் நான்காவதாக முடித்து 5 புள்ளிகள் பெற்றார். அந்தப் புள்ளிகள் விதிப்படி அவருக்குரியவை. ஆனால் ‘15 இடம் முன்னேற்றம்’ என்ற எண் யாருடைய ஓட்டத்தையும் விவரிக்கவில்லை. அபராதங்களும் இதே குழப்பத்தை உண்டாக்குகின்றன. 2022 பெல்ஜியத்தில் வெர்ஸ்டாப்பன் தகுதிச்சுற்றில் எல்லோரையும்விட வேகமாக ஓட்டினார். எஞ்சின் பாகங்களை மாற்றியதற்கான தண்டனையால் 14ஆம் இடத்தில் தொடங்கி வென்றார். தொடங்கும் (கிரிட்) இடத்தைத் தகுதிச்சுற்று நிலையாக எடுத்துக்கொள்பவருக்கு அவர் 13 பேரை முந்திய அதிசயம் தெரியும். மற்றவருக்கு வேகமான கார் தன் இடத்துக்குத் திரும்பியது தெரியும்.

பந்தயத்தடம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். முந்த இடமில்லாத மொனாக்கோவில் 2024இல் முதல் பத்துப் பேரும் தொடங்கிய வரிசையிலேயே முடித்தார்கள். அங்கே தகுதிச்சுற்றும் பந்தயமும் இரண்டு தனித்தனிச் சோதனைகள் அல்ல.

தரவரிசைக்குப் பதில் நேர இடைவெளியைப் பயன்படுத்துவது இந்தக் குறைகளில் சிலவற்றையாவது நீக்கும். 1997இல் ஹெரெத் தகுதிச்சுற்றில் ஜாக் வில்நேவ், மைக்கேல் ஷூமாக்கர், ஹைன்ஸ்-ஹரால்ட் ஃபிரென்ட்ஸன் மூவரும் 1 நிமிடம் 21.072 விநாடி என்று ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாமல் ஒரே நேரத்தைப் பதிவு செய்தார்கள். யார் முதலில் அந்த நேரத்தை எடுத்தார் என்பதை வைத்தே முதல், இரண்டு, மூன்று என்று பிரிக்கப்பட்டார்கள். முந்தியவர் எண்ணிக்கையில் இதுவும் ஒரு வெற்றி, அரை விநாடி வித்தியாசமும் ஒரு வெற்றி. தகுதிச்சுற்றில் சக ஓட்டுநரோடு உள்ள சதவீத இடைவெளியை எடுத்து, பந்தயத்தில் ஒரே வகை டயரில், போக்குவரத்தில் சிக்காத லேப்களின் சராசரி இடைவெளியோடு ஒப்பிட்டால், பழுதும் அபராதமும் சேஃப்டி காரும் பெரும்பாலும் விலகிவிடும். பந்தய முடிவு என்று ஒரே எண்ணாகச் சுருக்குவதைவிட, இழந்த ஒவ்வோர் இடத்தையும் காரணத்தோடு பதிவுசெய்வது நேர்மையானது. இது உழைப்பு மிகுந்த வேலை. ஆனால் ஒருவரின் பெயருக்கு முத்திரை குத்துபவருக்கு அந்த உழைப்பைத் தவிர்க்க உரிமையில்லை.

அப்போதும் ஒரு விஷயம் பிடிபடாமல் நழுவுகிறது. 2003 முதல், தகுதிச்சுற்றுக்கும் பந்தயத்துக்கும் நடுவே காரின் அமைப்பை மாற்ற அனுமதி பெரும்பாலும் இல்லை. இறக்கையின் கோணத்தையும் சஸ்பென்ஷனையும் சனிக்கிழமை வேகத்துக்கு ஏற்பச் சாய்ப்பதா, ஞாயிற்றுக்கிழமை டயரைக் காப்பதற்கு ஏற்பச் சாய்ப்பதா என்பதை ஓட்டுநரும் பொறியாளரும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். லௌடாவின் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைவரை கைவசம் இருந்த வாய்ப்பு இன்றைக்கு ஒரே தீர்மானமாகச் சுருங்கிவிட்டது. ஆகவே ஓர் ஓட்டுநர் தகுதிச்சுற்றில் பத்தில் ஒரு விநாடி பின்தங்கினால் அது அவருடைய வேகக் குறையாகவும் இருக்கலாம், பந்தயத்துக்காக அவரே விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கலாம். கார் அமைப்புத் தாள்களை அணிகள் வெளியிடுவதில்லை என்பதால், வெளியிலிருந்து கணக்கிடுபவரின் அட்டவணையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் பதிவாகின்றன.